யூவெல்ம்: ஆளுக்கொரு கதவு, எல்லோருக்கும் ஒரு முற்றம்

இங்கிலாந்தின் பழைய கிராமங்களில் சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில் கொஞ்சம் நடந்தால், தாழ்ந்த கூரையும் உயரமான புகைபோக்கிகளுமாக ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகளின் வரிசை ஒன்று கண்ணில் படும். வாசலுக்கு மேலே கட்டிவைத்தவர் பெயரும் ஆண்டும் பொறித்த கல் இருக்கும். ஆம்ஸ்ஹவுஸ் என்பார்கள். வசதியுள்ள யாரோ ஒருவர் என்றைக்கோ நிலமும் பணமும் எழுதிவைத்து, அந்த ஊரில் ஆதரவில்லாத முதியவர்கள் கடைசிக் காலம் வரை இருந்துகொள்ளட்டும் என்று கட்டிக்கொடுத்த தரும வீடுகள். சாதாரணமாகக் கடந்துபோய்விடுவோம். அரண்மனைக்கும் கோட்டைக்கும் டிக்கெட் வாங்கிப் போகிற நாம் இவற்றுக்குப் பத்து நிமிஷம்கூடக் கொடுப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் ஒரு ஏழை மனிதருக்கு எவ்வளவு இடம், எவ்வளவு வெப்பம், எவ்வளவு தனிமை தேவை என்பதை அந்தக் காலத்தில் உட்கார்ந்து யோசித்துக் கட்டிய கட்டடங்கள் இவைதான்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், வாலிங்ஃபோர்டு ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் யூவெல்ம். சின்னக் கிராமம். ஊற்றிலிருந்து கிளம்பும் தெளிந்த ஓடை ஒன்று தெருவோரமாக ஓடும், அதில் ஒரு காலத்தில் வாட்டர்கிரெஸ் கீரை பயிரிட்டு விற்றார்கள். மேட்டின் மேல் சர்ச், அதிலிருந்து சரிவில் இறங்கினால் ஆம்ஸ்ஹவுஸ், அதற்கும் கீழே பள்ளிக்கூடம். மூன்றும் 15-ஆம் நூற்றாண்டில், ஒரே குடும்பத்தின் காசில், ஒரே திட்டமாக உருவானவை. மூன்றுமே இன்றும் எதற்காகக் கட்டினார்களோ அதற்கே பயன்படுகின்றன: சர்ச்சில் வழிபாடு நடக்கிறது, பள்ளியில் ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆம்ஸ்ஹவுஸில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட அறுநூறு வருஷம்.

கட்டியவர்கள் ஆலிஸ் சாசரும் அவர் கணவர் வில்லியம் டெ லா போலும். ஆலிஸ், ஆங்கிலக் கவி ஜெஃப்ரி சாசரின் பேத்தி. தாத்தா ஒயின் வியாபாரிக் குடும்பத்தில் பிறந்து அரசு உத்தியோகம் பார்த்தவர், அப்பா தாமஸ் சாசர் நாடாளுமன்றத்தில் பலமுறை சபாநாயகராக இருந்தவர், பேத்தியோ சீமாட்டி. மூன்றே தலைமுறையில் எங்கிருந்து எங்கே ஏறியிருக்கிறார்கள் பாருங்கள். யூவெல்ம் நிலம் ஆலிஸின் அம்மா மாட் வழியாக வந்த சொத்து. ஆலிஸுக்கு வில்லியம் மூன்றாவது கணவர். முதல் இரண்டு கணவர்களும் பிரான்சில் நடந்த போரில் போய்விட்டார்கள், ஒருவர் 1415-ல், மற்றவர் 1428-ல் ஆர்லியன்ஸ் முற்றுகையில். வில்லியம் சஃபோக் பிரபு, பிறகு கோமகன் பட்டம் பெற்றவர், ஆறாம் ஹென்றி அரசவையில் அவரை மீறி எதுவும் நடக்காது என்ற நிலையில் இருந்தவர். அந்த ஹென்றியிடமிருந்துதான் 1437 ஜூலையில் அனுமதி வாங்கினார்கள்: யூவெல்மில் இரண்டு பாதிரியார்களும் பதின்மூன்று ஏழை ஆண்களும் தங்கும் ஒரு தரும இல்லம். 'கடவுளின் வீடு' என்றே அதற்குப் பெயர். பதின்மூன்று என்பது இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் சேர்ந்த கணக்கு, அந்தக் காலத்துத் தருமங்களில் இந்த எண் திரும்பத் திரும்ப வரும். வில்லியமின் தாத்தா மைக்கேல் டெ லா போல் 1384-ல் ஹல் நகரத்தில் இதேபோல் ஒன்று நிறுவியிருந்தார், அங்கே பதின்மூன்று ஆண்கள், பதின்மூன்று பெண்கள். யூவெல்மில் பெண்களுக்கு இடமில்லாமல் போனது, அதுவும் ஒரு பெண்ணின் குடும்ப நிலத்தில் கட்டிய வீட்டில், எனக்கு இன்னமும் உறுத்தும் விஷயம்.

சரி, கட்டடத்துக்கு வருகிறேன், நான் சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான்.

அதற்கு முந்தைய காலத்துத் தரும இல்லங்கள் எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டுமானால் சிச்செஸ்டரில் இருக்கும் செயின்ட் மேரி இல்லத்துக்குப் போக வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. ஒரே பெரிய கூடம், தலைக்கு மேல் வானளாவிய மரக்கூரை, ஓரங்களில் வரிசையாகப் படுக்கைகள், கிழக்குக் கோடியில் வழிபாட்டு மேடை. படுத்தபடியே பூசையைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் இருமினால் எல்லோருக்கும் கேட்கும், அழுதால் எல்லோருக்கும் தெரியும். பிற்காலத்தில் அந்தக் கூடத்துக்குள்ளேயே தடுப்புகள் எழுப்பிப் புகைபோக்கி வைத்துத் தனித்தனி அறைகளாக்கினார்கள். மனிதர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

யூவெல்மில் முதல் நாளிலேயே தனித்தனி வீடுகள். இல்லத்தின் சட்டதிட்டங்களில் இதைத் தெளிவாக எழுதியே வைத்தார்கள்: ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சின்ன வீடு, அதில் ஒரு புகைபோக்கி, மற்ற வசதிகள், அங்கே அவர் தன் பாட்டுக்கு உண்ணலாம், குடிக்கலாம், இளைப்பாறலாம். கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை, தனிக் கதவு, தனிக் கணப்பு. அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் எஜமானர் வீட்டுக் கூடத்தின் தரையில் கூட்டமாகப் படுத்துத் தூங்கினார்கள், விவசாயக் குடும்பங்கள் ஒற்றை அறையில் நடுவில் தீ மூட்டி, புகை கூரை வழியாக எப்படியாவது போகட்டும் என்று வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் கையில் ஒன்றுமில்லாத ஒரு கிழவருக்குச் செங்கல் புகைபோக்கி வைத்த தனி வீடு கொடுத்திருக்கிறார்கள். கார்த்தூசியன் துறவிகளின் மடங்களில் இந்த அமைப்பு உண்டு, ஒவ்வொரு துறவிக்கும் தனிக் குடில், நடுவே பொது முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். ஹல் நகரத்தில் டெ லா போல் குடும்பமே அந்தத் துறவிகளுக்கு ஒரு மடம் கட்டிக்கொடுத்தது. யூவெல்ம் முற்றத்தைப் பார்க்கும்போது அந்த ஞாபகம் வராமல் போகாது.

முற்றம் சதுரமானது. நான்கு பக்கமும் சரிவான ஓட்டுக்கூரை போட்ட தாழ்வாரம், மரத்தூண்கள். உள்பக்கச் சுவர்கள் மரச்சட்டங்களால் ஆனவை, சட்டங்களுக்கு நடுவே செங்கல்லை அடைத்திருக்கிறார்கள், சில இடங்களில் சாய்த்து மீன்முள் மாதிரி அடுக்கியிருப்பது அவ்வளவு அழகு. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் தாழ்வாரக் கூரைக்கு மேலே ஒரு முக்கோண முகப்பு எழும்பி நிற்கும், அதன் விளிம்புப் பலகைகளில் செதுக்கு வேலை. முற்றத்தின் நடுவே கிணறு. மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் ஒரு முதியவர் தன் கதவைத் திறந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் நனையாமல் போய்வரலாம். சர்ச்சுக்குப் போவதற்கும் அப்படித்தான்: கிழக்குப் பக்கமாகப் படிகள் ஏறி, கூரை போட்ட வழியாகச் சர்ச்சின் மேற்குக் கதவுக்கே போய்விடலாம். அந்தப் படிகள் கொஞ்சம் செங்குத்து. வயதானவர்களின் மூட்டுவலியைப் பற்றி யோசித்தார்களா தெரியவில்லை, மழையைப் பற்றி நிச்சயம் யோசித்திருக்கிறார்கள்.

வெளிப்பக்கச் சுவர்களும் வாசல் முகப்பும் செங்கல். இன்றைக்குச் செங்கல் என்றால் மலிவான சாதாரணப் பொருள். 1430-களில் அந்த வட்டாரத்தில் அது புதுமை, பகட்டான பொருளும்கூட. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய செங்கல் கட்டடங்களில் இது ஒன்று. டெ லா போல் குடும்பத்தின் பூர்வீகமான ஹல், கோட்டைச் சுவரையே செங்கல்லால் கட்டிக்கொண்ட ஊர், வடக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெதர்லாந்து, ஃபிளாண்டர்ஸ் பகுதிகளோடு வியாபாரம் செய்து அங்கத்திய பழக்கங்களை எடுத்துக்கொண்ட ஊர். யூவெல்முக்கு அருகிலேயே நெட்டில்பெட் பக்கம் 1416 வாக்கில் ஃபிளாண்டர்ஸ்காரர்கள் செங்கல் சுட்டு ஸ்டோனர் மாளிகைக்கு அனுப்பிய கணக்கு இருக்கிறது. ஆக, களிமண்ணும் கைகளும் பக்கத்திலேயே இருந்தன. வடக்கு வாசலில் செங்கல்லையே அறுத்தும் தேய்த்தும் வளைவுக்குள் இதழ் இதழாக அலங்காரம் செய்திருக்கிறார்கள், மேலே படிப்படியாக ஏறி இறங்கும் முகப்பு. கல்லில் செய்யும் வேலையைச் செங்கல்லில் செய்து காட்டியிருக்கிறார்கள். சர்ச்சும் அப்படித்தான், கோபுரத்தை மட்டும் பழையபடி விட்டுவிட்டு மற்றதெல்லாம் சஃபோக் பக்கத்துப் பாணியில் மாற்றிக் கட்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷயர் கிராமம் ஒன்றில் கிழக்குக் கடற்கரைச் சர்ச் வந்து நிற்கக் காரணம், வில்லியமின் நிலங்கள் அங்கே இருந்ததுதான்.

வீடு இலவசம், ஆனால் கடமைகள் நிறைய. ஒவ்வொருவருக்கும் வாரம் 14 பென்னி. பதின்மூன்று பேரில் ஒருவர் மணியடித்து, கதவு திறந்து, மற்றவர்களை மேற்பார்வை பார்ப்பவர், அவருக்கு 16 பென்னி. ஒரு கூலியாளுக்கு நாளைக்கு 4 பென்னி கிடைத்த காலம் என்பதை வைத்துப் பார்த்தால், வேலை செய்யாமல் மூன்றரை நாள் கூலி, வீடும் சும்மா, மோசமில்லை. மார்பில் சிவப்புச் சிலுவை வைத்த மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும். விடியும்போது படுக்கையருகே மண்டியிட்டு ஜெபம், அப்புறம் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சர்ச்சுக்கு. தாமதமாக வந்தால் காசில் பிடித்தம். இல்லத்தின் தலைவரான மாஸ்டரின் அனுமதியில்லாமல் ஊரைவிட்டுப் போய்த் தங்க முடியாது. உடம்பில் தெம்பு இருப்பவர்கள் முற்றத்தில் புல் பிடுங்க வேண்டும், படுத்துக்கிடப்பவர்களைக் கவனிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. நர்ஸ் என்று தனியாக யாரும் இல்லாத இடத்தில் ஒருவருக்கொருவர்தான் துணை என்பதை விதியாகவே எழுதிவிட்டார்கள், கதவுகள் எல்லாம் ஒரே முற்றத்தைப் பார்த்துத் திறப்பதால் யார் கதவு இன்று திறக்கவில்லை என்பது அடுத்தவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஜெபம் எதற்காக? கட்டியவர்களின் ஆன்மாவுக்காக. இதை மறைக்க வேண்டியதில்லை. செத்தபின் ஆன்மா சுத்திகரிப்பு நிலையில் கிடந்து தவிக்கும், உயிரோடிருப்பவர்கள் ஜெபித்தால் அந்தத் தவிப்பு குறையும், அதிலும் ஏழைகளின் ஜெபத்துக்கு வலு அதிகம் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். தினமும் அந்தப் பதின்மூன்று பேரும் ஆலிஸின் அப்பா அம்மா கல்லறையைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். சிலர் இதைச் சுயநலம் என்று ஒதுக்குவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜெபத்துக்காகப் பணம் போட்ட பெரிய மனிதர்கள் அந்தக் காலத்தில் ஏராளம், பெரும்பாலோர் ஒரு பாதிரியாருக்குச் சம்பளம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். இவர்கள் பதின்மூன்று பேருக்குப் புகைபோக்கி கட்டினார்கள்.

அதற்காக ஆலிஸைப் புண்ணியவதி ஆக்கிவிட வேண்டாம். நில விவகாரத்தில் கறாரானவர். நார்ஃபோக்கில் பாஸ்டன் குடும்பத்தோடு நடந்த சொத்துத் தகராறில் 1465-ல் அவருடைய மகனின் ஆட்கள் போய் ஹெல்ஸ்டன் என்ற ஊரில் அவர்களுடைய வீட்டை இடித்துத் தள்ளினார்கள். கணவரின் முடிவோ கொடூரம். பிரான்சில் தோற்றதற்கெல்லாம் அவர்தான் காரணம் என்று ஊரே திரும்பி, நாடுகடத்தப்பட்டுக் கப்பலில் போகும்போது 1450 மே மாதம் நடுக்கடலில் மறித்துத் தலையை வெட்டி உடலை டோவர் கடற்கரையில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் ஆலிஸ் தனியாகச் சொத்தைக் காப்பாற்றினார், அரச குடும்பத்துக்குள்ளேயே போர் நடந்துகொண்டிருந்தபோது பக்கம் மாறித் தப்பித்து, மகனுக்கு நான்காம் எட்வர்டின் தங்கையையே கட்டிவைத்தார். 1475-ல் இறந்தார்.

சர்ச்சுக்குள் அவர் கல்லறையைப் பார்க்காமல் வரக்கூடாது. மேலே வெண்ணிற அலபாஸ்டர் கல்லில் ஆலிஸ் படுத்திருக்கிறார், தலையில் கோமகளுக்குரிய மகுடம், கைகள் கூப்பியபடி, இடது முழங்கையின் கீழ், இங்கிலாந்து அரசர் கொடுக்கும் உயரிய விருதான கார்ட்டரின் பட்டை. பெண்கள் அதை எங்கே அணிய வேண்டும் என்று பார்த்து வர விக்டோரியா மகாராணியார் இங்கே ஆளனுப்பினார் என்று சொல்வார்கள். கீழே கல் ஜாலிக்குப் பின்னால் இன்னொரு உருவம்: அதே பெண், தோல் ஒட்டி எலும்பு துருத்திய பிணமாக. அந்தப் பிணத்துக்கு மேலே, கல்லின் அடிப்பக்கத்தில் ஓவியங்கள் இருக்கின்றன, மரியாளுக்கு தேவதூதன் மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. நின்று பார்த்தால் தெரியவே தெரியாது, தரையில் படுத்துத் தலையைத் திருப்பினால்தான் ஓரளவு தெரியும். அந்தப் பிணச் சிலைக்காக மட்டும் வரைந்தது. பக்கத்துச் சேப்பலில்தான் முதியவர்கள் ஜெபிக்கக் கூடினார்கள், சுவர் முழுக்க இயேசுவின் பெயரெழுத்துகள், கூரையில் சிறகு விரித்த மரத் தேவதைகள்.

இவ்வளவும் எப்படித் தப்பியது? கல்லாலும் செங்கல்லாலும் மட்டும் தப்பவில்லை, நிலத்தால் தப்பியது. ஹாம்ப்ஷயரில் ராம்ரிட்ஜ், வில்ட்ஷயரில் கானக், பக்கிங்ஹாம்ஷயரில் மார்ஷ் கிப்பன் என்று மூன்று ஊர்களின் நில வருமானத்தை இல்லத்துக்கு எழுதிவைத்திருந்தார்கள். 1513-ல் ஆலிஸின் பேரன் எட்மண்டை எட்டாம் ஹென்றி தலைவெட்டிக் கொன்றார், அந்தக் குடும்பம் வீழ்ந்ததில் யூவெல்ம் அரசர் கைக்குப் போனது. 1547-ல் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்யும் அறக்கட்டளைகளையெல்லாம் சட்டம் போட்டு ஒழித்தார்கள், எத்தனையோ இல்லங்கள் சொத்தை இழந்தன. யூவெல்ம் பிழைத்தது, ஜெபம் போனாலும் வீடுகள் நின்றன. 1617-ல் முதலாம் ஜேம்ஸ் இந்த இல்லத்தின் மாஸ்டர் பதவியை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் அரச மருத்துவப் பேராசிரியர் பதவியோடு இணைத்துவிட்டார். பேராசிரியரின் சம்பளத்தை உயர்த்த அரசருக்குக் கிடைத்த வழி அது. இருந்தாலும் இன்று வரை அந்த இணைப்பு அறுபடவில்லை.

பதவியை வெறும் வருமானமாகப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன். ஹென்றி ஆக்லாண்ட், 1854-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பரவிய காலராவைத் தெருத் தெருவாக ஆராய்ந்தவர், மாஸ்டரானதும் மார்ஷ் கிப்பனில் இல்லத்துக்குச் சொந்தமான குடிசைகளைத் திருத்தமான வீடுகளாக்க முனைந்தார். இன்னொருவர் கனடாவில் பிறந்த வில்லியம் ஆஸ்லர், மருத்துவ மாணவர்கள் எல்லோரும் கேள்விப்பட்ட பெயர். 1905 பிப்ரவரியில் அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது பேசிய உரையில், அறுபது தாண்டிய ஆண்களால் பயனில்லை, குளோரோஃபார்ம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பழைய கதை ஒன்றை மேற்கோள் காட்டி விளையாட்டாகச் சொல்லப்போக, பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. அதே ஆண்டு அவர் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரானார், கூடவே யூவெல்மில் பதின்மூன்று முதியவர்களுக்குப் பொறுப்பாளரும் ஆனார். அந்தப் பொறுப்பை அவர் மனதோடு செய்தார். குடும்பத்தோடு வந்து மாஸ்டரின் அறைகளில் தங்கி, முதியவர்களோடு உட்கார்ந்து பேசி, பெட்டியில் கிடந்த பழைய ஆவணங்களைப் பாதுகாக்கவும் ஏற்பாடு செய்தார். 1919-ல் இறக்கும் வரை அவர்தான் மாஸ்டர்.

பள்ளிக்கூடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1450-களில் கட்டி முடித்தது, அதுவும் செங்கல், தடித்த புகைபோக்கி, ஜன்னல் ஓரங்களில் கேடயம் ஏந்திய தேவதைகள். இரண்டு பாதிரியார்களில் ஒருவர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் இலக்கணம் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று அது அரசு உதவியில் நடக்கும் ஆரம்பப் பள்ளி. கட்டிய கட்டடத்திலேயே இன்னும் நடக்கும் இப்படிப்பட்ட பள்ளிகளில் இங்கிலாந்திலேயே பழமையானது இதுதான் என்கிறார்கள்.

ஆம்ஸ்ஹவுஸ் வீடுகளுக்குள் இப்போது குளியலறை, சமையலறை எல்லாம் வந்துவிட்டன. ஆளுக்கு ஒரு அறை கீழே ஒரு அறை மேலே என்பது இந்தக் காலத்துக்குப் போதாது என்பதால் சில வீடுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். இதைக் கேட்டதும் சில பழமை விரும்பிகள் முகம் சுளிப்பார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடியிருப்பவர் வசதியாக இருக்கத்தான் வீடு, உள்ளே மாற்றியதால்தான் அது மியூசியமாகாமல் இருக்கிறது. சட்டப்படி ஆம்ஸ்ஹவுஸில் இருப்பவர்கள் வாடகைதாரர்கள் அல்ல, அறக்கட்டளையின் பயனாளிகள். வாரம் ஒரு பராமரிப்புத் தொகை கட்டுவார்கள், அதை வாடகை என்று சொல்வதில்லை. இங்கிலாந்து முழுக்க இப்படி ஆம்ஸ்ஹவுஸ் நடத்தும் அறக்கட்டளைகள் ஆயிரத்துக்கும் மேல், புதிதாகவும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப் புதிதாகக் கட்டும் சில கட்டடக் கலைஞர்கள் மறுபடியும் முற்றத்துக்கே வருகிறார்கள், கதவுகள் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவே கொஞ்சம் பச்சை, உட்கார ஒரு பெஞ்சு.

போக நினைப்பவர்களுக்கு: ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர். முதலில் சர்ச்சுக்குப் போய் ஆலிஸைப் பாருங்கள், அப்புறம் மேற்குக் கதவு வழியாகப் படியிறங்கி முற்றத்துக்கு வாருங்கள், அந்த முதியவர்கள் வந்துபோன வழியே அதுதான். உள்ளே ஆட்கள் வாழ்கிறார்கள், அதனால் ஜன்னல்களுக்குள் எட்டிப்பார்க்காதீர்கள், கேமராவை வீட்டு வாசல்களுக்கு நேராகத் தூக்காதீர்கள், சத்தம் போட்டுப் பேசாதீர்கள். வெளியே வந்ததும் சாலைப் பக்கம் சுற்றிக்கொண்டு போய் வடக்கு வாசலின் செங்கல் வேலையை நிதானமாகப் பாருங்கள், பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே காரில் ஏறிவிடுகிறார்கள்.